இளநீர்க்கடை பலராமனின் இங்கிலாந்துக் காலை

"ஆர்த்தி, இன்னைக்கு வியாழக்கிழம. பச்சத் தொட்டிய வெளிய வெச்சியா? குப்ப வண்டி வந்துடப் போவுது."

இளநீர்க் குலையில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துப் பலராமன் அதட்டுகிறார். கையிலிருக்கும் அரிவாள் அதுபாட்டுக்கு ஒரு காயைச் சீவுகிறது. செங்கம் ரோட்டில் அப்போது பகல் ஒன்றரை மணி. போனுக்குள்ளே காலை எட்டு. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில், சரியாக விடியாத ஒரு சமையலறை. அங்கே அவர் மகள் ஆர்த்தி வேலைக்குப் போகிற அவசரத்தில் ஐந்து வயது ஓவியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

பலராமனுக்கு ஊர் அடி அண்ணாமலை. வயது அறுபத்திரண்டு. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியதோடு சரி, விமானம் ஏறியதில்லை. ஆனால் அந்தக் கிராமத்துக்குப் பஸ் நாளைக்கு இரண்டே முறைதான், மகள் வீட்டு ஹீட்டர் ஆறு மணிக்குப் போட்டால் ஏழுக்குத்தான் சூடு ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எந்த நாட்டுக்காரர்களானாலும், "யுவர் வில்லேஜ், ஐஸ் ஜாஸ்தியா?" என்று விசாரித்த பிறகுதான் ஸ்ட்ரா தருவார்.

மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவருக்குக் குடும்பம் என்று இருப்பது தினமும் போனில் இந்த அரை மணி நேரம்தான்.

ஒரே ஒரு குறை, மனுஷனுக்கு யோசனை சொல்லாமல் இருக்க வராது. ஓவியா தும்மினால் நொச்சி இலை ஆவி பிடிக்கச் சொல்வார். அங்கே நொச்சி கிடைக்காது என்றால், "அதுகூட இல்லியா? இன்னா ஊரும்மா அது!" என்று அந்த நாட்டையே திட்டுவார்.

ஜனவரியில் ஒருநாள் மருமகன் கோபி காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆர்த்தி ஜன்னல் வழியாகப் போனைக் காட்ட, பலராமனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மாப்ள, எம்மா நேரம் சுரண்டிக்கினு இருப்பீங்க? கெட்டில்ல கொதிக்கிற தண்ணி இருக்குதில்ல? ஒரே ஊத்தா ஊத்துங்க, சும்மா ஓடிப்பூடும்."

வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றம், கோபியும் ஊற்றிவிட்டார். சுடுதண்ணீரால் ஆகாத காரியம் நம் ஊரில் ஏது? கண்ணாடி இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகப் படீரென்று விரிசல் விட்டது. ஓவியா கைதட்டினாள். அன்று பெரியவர்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போக முடியவில்லை. சாயங்காலம் கோபியிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, கொஞ்ச நாளைக்குக் காலையில போன் வேணாங்க." மரியாதையாகத்தான் அனுப்பியிருந்தார். அதுதான் பலராமனை இன்னும் அறுத்தது.

அதற்கப்புறம் ஒன்றரை மணி ஆனால் அவருக்குக் கை ஓடவில்லை. சீவுகிற காய் ஆழமாக வெட்டுப்பட்டு இளநீர் தரையில் கொட்டியது. ஆர்த்தி ஞாயிறன்று மட்டும் பேசினாள், நல்லாயிருக்கோம்ப்பா என்று நாலு வார்த்தை.

பக்கத்தில் பூ கட்டும் கஸ்தூரி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இப்பிடி உர்ருனு ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு நீயேதான் போன் பண்ணேண்ணா. உன் பொண்ணுதானே?"

"பண்ணி, எடுக்கலன்னா?" என்றார் பலராமன்.

இருபதாம் நாள் ஒன்றரைக்குப் போன் அடித்தது. ஆர்த்தி இல்லை, கோபி. வாசலில் நின்றிருந்தார், பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது. முதுகுக்குப் பின்னால் கார் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மாமா, இன்னைக்கு மைனஸ் மூணு. புதுக் கண்ணாடி முழுக்க ஐஸு. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அந்த முகத்தில் பிடிபடவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து ஆர்த்தியும் ஓவியாவும் எட்டிப் பார்த்தார்கள். கஸ்தூரி பூவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பலராமன் அரிவாளை வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். போனை எடுத்து உதட்டருகே கொண்டுபோய், மூக்குக் கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல, "ஹா" என்று நெஞ்சிலிருந்து மூச்சு முழுவதையும் திரையில் தெரிந்த கார் கண்ணாடிமேல் விட்டார்.