இரண்டரை எக்ஸ்

விடையை முதலில் முடிவு செய்துகொண்ட பிறகுதான் ஐவி கணக்கையே எழுதுவாள். இன்றைக்கு விடை நான்கு. நான்கை இரண்டரையால் பெருக்கினால் பத்து. பருப்பு வேகும் நேரத்தில் விரல்விட்டுச் சரிபார்த்து, நாக்கைக் கடித்தபடி சிலேட்டில் எழுதினாள்: 2½ x = 10.

பாத்திரம் தேய்க்க வரும் புஷ்பத்துக்கு இது தினப்படி வேடிக்கை. "இன்னாக்கா, சாருக்கே பரீட்ச வெக்கிறியே! பெயிலானா பெஞ்சு மேல ஏத்திடுவியா?"

"வாய் பேசாம தேய்டி. உனக்கும் ஒண்ணு போட்டுத் தருவேன்."

ஐவி கணக்குப் படித்தவள் இல்லை. சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை கவுன் தைப்பவள். பெசன்ட் நகர் வீட்டின் கூடத்தில் கணவர் வால்டர் டியூஷன் எடுக்கும்போது, சமையலறையில் நின்றபடியே அவளுக்கு அல்ஜீப்ரா ஒட்டிக்கொண்டது. கலப்புப் பின்னம் நடத்தும் நாளில் அவர் குரல் தெருவுக்கே கேட்கும். இரண்டரையை 'இரண்டு பெருக்கல் அரை' என்று எடுத்துக்கொண்டு ஒன்றாக்கிவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வந்தார்கள். "ஏண்டா, கடையில ரெண்டரை கிலோ அரிசி கேட்டா ஒரு கிலோவா கட்டிக் குடுப்பான்? ரெண்டும் வேணும், அரையும் வேணும்டா!" பிள்ளைகளோடு சேர்ந்து ஐவியும் கரண்டியும் கையுமாகச் சிரிப்பாள்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்தபின் டியூஷன் நின்றுவிட்டது. 'கணக்கு டியூஷன்' போர்டு மட்டும் கேட்டில் தொங்குகிறது. உப்புக் காற்றில் துரு ஏறாமலிருக்க ஐவி அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறாள். கை சரியானதும் பிள்ளைகள் வருவார்கள் என்று வால்டர் நம்புகிறார். அதற்காகவே காலையில் எழுந்து சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொள்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டார்: "தினம் ஒரு கணக்கு குடு. என்னைக்குத் தப்பாப் போடறேனோ, அன்னைக்கே போர்டைக் கழட்டிடு. தெரியாத ஆளுக்குப் போர்டு எதுக்கு?"

இதுவரை அவர் தப்பாகப் போட்டதில்லை. அண்மையில் நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

இன்று இடது கையால் சாக்பீஸைப் பிடித்து மெல்ல எழுதினார். "ரெண்டு இன்டு அரை, ஒண்ணு. அப்போ எக்ஸ் வந்து… பத்து."

புஷ்பத்தின் காதில் விழாதபடி ஐவி அவர் பக்கத்தில் குனிந்தாள். "என்னங்க, கடையில போய் ரெண்டரை கிலோ அரிசி கேட்டா…"

"அரிசி தீர்ந்துபோச்சா?" என்றார் வால்டர். அக்கறையாகத்தான் கேட்டார்.

அவர் கண் கேட்டின் பக்கம் போய்த் திரும்பியது. "சரிதானே, ஐவி?"

ஐவி சிலேட்டை வாங்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். கவுன் கழுத்தில் முத்து வைக்கும் நிதானத்தோடு, இரண்டுக்கும் அரைக்கும் நடுவே சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். பிறகு அவர் எழுதிய பத்துக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக்.