நிழலுக்குப் பொருந்த நின்றவள்

டென்னிஸ் மைதானத்தில் அவரை எல்லோரும் சுவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அடித்துத் தள்ளிய பந்துகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே ஆட்டத்தைக் கண்ணாலேயே திருடிக்கொண்டவர். டென்னிஸ் புத்தகம் கையில் கிடைத்தால் எழுத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். படங்களை மட்டும் வெட்டி வீட்டில் ஒட்டிவைத்துப் பார்ப்பார். யார் காலிலும் விழாமல் பயிற்சியாளர் ஆனார். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, உழைத்துச் சம்பாதித்த நெஞ்சுதானே.

பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் பார்த்தால்தான் ஏறும் என்பது அவர் கட்சி. பந்தை எவ்வளவு உயரம் தூக்கிப் போட வேண்டும் என்று காட்டக் கம்பத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார். கால் வைக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பாதங்கள் வரைந்தார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மைதானத்தின் மேற்கே நீண்டு கிடந்த வெள்ளைச் சுவர்தான்.

ஒரு பனிக்காலக் காலையில் தன் இளைய மகளை அந்தப் பாதங்களின்மேல் நிறுத்தி, சர்வீஸ் போடுகிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னார். முதுகில் வெயில், எதிர்ச்சுவரில் நிழல். முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் அச்சில் வார்த்தது போல விழுந்தன. "அசையாதம்மா, மூச்சுகூட மெதுவா விடு" என்று சொல்லிவிட்டு, நிழலைச் சுற்றிக் கரியால் கோடு இழுத்தார். பிறகு அதன்மேல் கறுப்பு பெயிண்ட். பொடிசுகளுக்கு ஒன்று, நெட்டைகளுக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு உருவங்களையும் அப்படியே வரைந்தார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அதுதான் பாடம்: பாதத்தில் நில், உன் நிழலைக் கோட்டுக்குள் அடக்கு.

பெற்றோர்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்து கிளப்பில் பிள்ளைகளைப் படம்பிடித்துத் திரையில் நிறுத்தி நிறுத்திக் காட்டும் கோச் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், குகையில வாழ்ந்த மனுஷன் மாதிரி சுவத்துல கிறுக்கிட்டிருக்கீங்க?" என்றார்.

"கரண்டு போனா உங்க பாடமும் போச்சு தம்பி. எனக்குச் சூரியன் வேலை பாக்குது. லீவே போடாது."

வெயில்காலம் வந்தது. ஒரு பிள்ளையின் நிழலும் கோட்டுக்குள் அடங்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அணித் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் இளையவள் உள்ளே போய்விடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"நிழல் கோட்டை எட்டலப்பா" என்றாள் அவள்.

"எட்டும். இன்னும் பின்னால வளை. உன்னோட நிழல்தானே அது? நீ போட்ட சட்டை உனக்கே பத்தாமப் போயிடுமா?"

"வளந்தா பத்தாதுப்பா."

"வளந்தா இன்னும் சுலபமா எட்டணும்ல? வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே வளைந்தாள். சில வாரத்தில் சிரிப்பு நின்றது. இடுப்பு வலிக்கிறது என்றாள். வலிக்காமல் விளையாட்டு வராது என்றார். வீட்டில் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். விடிந்ததும் மறுபடி சுவர். கடைசியில் ஒருநாள், சர்வீஸ் போட்ட இடத்திலேயே உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "முதுகெலும்பு அடியில விரிசல். ஒரே மாதிரி வளைச்சு வளைச்சு வந்தது. பெல்ட் போட்டுப் படுக்கட்டும். மறுபடி விளையாடுவாளான்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. யாரு இப்படி வளையச் சொன்னது?"

"முறை அதுதான் டாக்டர். சுவத்துலயே வரைஞ்சு வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்றார் மாஸ்டர். அப்போதும் குரல் இறங்கவில்லை.

மறுநாள் காலை, கோபத்தோடுதான் மைதானத்துக்குப் போனார். வேறொரு பெண்ணைப் பாதங்களில் நிறுத்தினார். இந்த முறை சுவரைப் பார்க்காமல் கையாலேயே சரிசெய்தார். முழங்கையைத் தூக்கிவிட்டார், தோளைத் திருப்பினார், இடுப்பை நிமிர்த்தினார். எல்லாம் சரி, அவர் விரல்களுக்குத் தெரியாததா? நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பெண்ணின் நிழல் கோட்டுக்கு ஒரு சாண் கீழே, பக்கவாட்டிலும் விலகி விழுந்திருந்தது. இன்னொரு பிள்ளையை நிறுத்தினார். அதே சாண். பனிக்காலத்தில் ஏழு மணிக்குத் தாழ்ந்து கிடந்த சூரியன் இப்போது அதே ஏழு மணிக்கு மேலே ஏறி, இடமும் மாறி நின்றது. பிள்ளைகள்தான் நகர்ந்துபோன நிழலை இழுத்துப் பிடிக்க முதுகை ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பாடம் இல்லை என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்து மூன்று உருவங்களையும் அழித்தார்.

வீட்டுக்கு வந்து மகளின் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். மனைவி அறை வாசலிலேயே நின்றாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் நின்னேனாப்பா? எனக்குத்தான் ஆட்டம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

"நீ ஒழுங்காத்தாம்மா நின்னே. நான்தான் உன்னைக் கெடுத்தேன்."

அவள் பெல்ட்டின் பக்கிளைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "மத்தவங்களும் வளைஞ்சாங்களே. அவங்களுக்கு?"

மாஸ்டருக்கு அது அதுவரை தோன்றவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"ஒவ்வொரு வீடா ஏறி இறங்கணும். நான் பண்ணது தப்புன்னு சொல்லணும். வந்து சாப்பிடறேன்."

முதல் வீடு ஒரு தையல்காரருடையது. கதவைத் திறந்த அவர் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "வாங்க மாஸ்டர், உள்ள வாங்க. எங்க பையன் நிழல் நேத்து கோட்டுக்குள்ள கச்சிதமா உக்காந்துருச்சாமே? வீட்டுல அதே பேச்சுதான். ஒரு மாசமாப் போராடினான் பாவம்."

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஏறினார். "பையன் எங்கம்மா?"

"படுத்திருக்கான். என்னமோ அலுப்பா இருக்காம், எழுந்திருக்கவே மாட்டேங்கறான். இருங்க, எழுப்பறேன்."

"எழுப்பாதீங்கம்மா" என்றார். "அவன அசைக்காதீங்க. நான் வந்து பாக்கறேன்."