தம்பிக்காக நான் எழுதிய பரீட்சை

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. குடித்துவிட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் கடலில் ஒரு முங்கு முங்கி எழுந்த பிறகுதான் வாசற்படியைத் தாண்ட வேண்டும். விதியைப் போட்டது அம்மா. அப்போது வீட்டில் குடிக்கிறவர் எங்கள் அப்பா ஒருவர்தான். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. நைனா தூரத்தில் வரும்போதே அம்மா கொடியிலிருந்து துண்டை உருவி மணலில் வீசுவாள். "முங்கிட்டு வாய்யா." அவரும் திரும்பிப் போய், முங்கி எழுந்து, தலை சொட்டச் சொட்ட வந்து சோற்றுக்கு உட்காருவார். நாற்றம் போயிருக்கும், வாய் அடங்கியிருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் போதை இறங்கிவிடும் என்று நானும் தம்பியும் நம்பித்தான் வளர்ந்தோம். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோமே.

நான் படித்து முடித்து, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். தம்பியும் அங்கேதான் படித்தான். அரியர் வைத்துப் பின்தங்கிப் பின்தங்கி, கடைசி ஆண்டுக்கு வரும்போதே அவனுக்கு இருபத்திரண்டு வயது. நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பான். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. விதியை அவனுக்கும் நீட்டினாள், அவ்வளவுதான். அவனுக்கும் ஒரு துண்டு மணலில் விழுந்தது.

போன வருடம் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் ஈசிஆரில் வண்டியோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள். குடித்திருந்தார்கள். நிர்வாகம் பதறிப்போய் ஓர் ஆன்லைன் பயிற்சியை வாங்கி வந்தது. குடிக்காதே என்று சொன்னால் எவனும் கேட்பதில்லை, குடித்தால் எப்படிப் பொறுப்போடு நடந்துகொள்வது என்றாவது தெரிந்துகொள்ளட்டும் என்றார் கல்லூரி முதல்வர். ஐந்து வீடியோ, பத்துக் கேள்வி, கடைசியில் சான்றிதழ். வீடியோவில் கோட்டுப் போட்ட ஒரு பொம்மை மனிதன் நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையைக் காட்டி, 'இது ஓர் அளவு' என்று செய்தி வாசிக்கிற தமிழில் பேசுவான். குவார்ட்டரும் அதில் பாதியான கட்டிங்கும்தான் எங்கள் பையன்களுக்குத் தெரிந்த அளவு. "இன்னாடா இவன், ஊறுகா கூட துன்னாம குடிக்கறான்?" என்று லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று உத்தரவு. முடித்தவர்கள் பெயர் என் திரையில் பச்சையாகும். வெள்ளி மதியம் பார்த்தால் எல்லாம் பச்சை, என் தம்பி பெயர் மட்டும் சிவப்பு. காண்டீனிலிருந்து அவனைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"நீயே போட்டுடுக்கா. பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியுமே. பசங்க வெயிட் பண்ணிகினு கீறாங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போட்டேன். சிறு வயதில் அவனுடைய வீட்டுப்பாடத்தைக்கூட நான்தான் எழுதிக் கொடுப்பேன். தொட்டில் பழக்கம் என்பது அவனுக்கு மட்டுமா, எனக்கும்தான். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். கோட்டுக்காரன் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே போனான். கேள்விகளுக்கு மளமளவென்று பதில் தட்டினேன்.

ஆறாவது கேள்வி இது. குடித்தவரின் போதையைத் தெளிய வைப்பது எது? சூடான காபி, குளிர்ந்த நீரில் குளிப்பது, வாந்தி எடுப்பது, நேரம். இது கூடவா தெரியாது என்று இரண்டாவதைத் தட்டினேன். திரை சிவந்தது. கீழே விளக்கம் வந்தது. தண்ணீர் உடம்பை நனைக்கும், இரத்தத்தில் கலந்ததை அகற்றாது. தெளிந்தது போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. குடித்தவர் நீரில் இறங்கக் கூடாது.

 துண்டோடு நடந்து போகிற நைனாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை வருடமாக, எத்தனை சாயங்காலம். ஆனால் மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்பு வாசலில் நின்றது. 'நேரம்' என்று தட்டினேன். பச்சை. மீதி நான்கையும் முடித்தேன். நூறு சதவீதம் பேரும் முடித்தாகிவிட்டது என்று முதல்வர் என்னைப் பாராட்டினார்.

பஸ்ஸில் வரும்போது, வீட்டில் இதை இன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்தபோதுகூட அதையேதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். தம்பி குஷியாக இருந்தான். சொல்வதென்றால் அம்மாவின் விதி தப்பு என்று அம்மா பரிமாறும்போதே சொல்ல வேண்டும். எனக்குப் பசியும் இருந்தது. "குடிச்சிட்டு வண்டி ஓட்டாத. இந்த ஒண்ணையாச்சும் ஞாபகம் வெச்சிக்க" என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன். மற்றதை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. சோம்பலா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா சான்றிதழை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நைனா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "குடிக்கறதுக்கு லைசென்ஸா? எனக்கு ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நான் சொன்ன அந்த ஒன்றைத் தம்பி அப்படியே பிடித்துக்கொண்டான். ஞாயிறு காலையில் வெளியே கிளம்பும் முன் பைக் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைப்பான். "இன்னிக்கி வண்டி வேணாம்க்கா. சர்டிபிகேட் வாங்கினவன் நானு." நான் அதை ஆணியில் மாட்டுவேன். லேபில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். பயிற்சி வேலை செய்கிறது என்று முதல்வரிடமும் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கடல் இரண்டு நாளாகக் கலங்கிக் கிடந்தது. யாரும் தொழிலுக்குப் போகவில்லை, படகுகளை மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தார்கள். காலையிலேயே சாவி ஆணிக்கு வந்துவிட்டது. நண்பனுக்குப் பிறந்தநாள், வடக்கே இருக்கிற சவுக்குத் தோப்பில் விருந்து, நடந்தே போகிறேன் என்றான்.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி கரையோரமாகத் தனியாக வந்தான். கால் கொஞ்சம் பின்னியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என் பக்கத்துக் கொடியில் இருந்த துண்டை உருவினாள்.

"இன்னிக்கி வேணாம்மா. கடலு சரியில்ல" என்றேன்.

"முட்டித் தண்ணியில முங்குனா போதும். இன்னா, நடுக்கடலுக்கா போவப்போறான்?" துண்டு மணலில் விழுந்தது. "முங்கிட்டு வாடா."

மீதி வாக்கியம் என் வாய்க்குள்ளேயே இருந்தது. குடித்தவன் நீரில் இறங்கக் கூடாது. திரையில் படித்தது எழுத்து எழுத்தாக ஞாபகம் இருந்தது. நான் சட்டையை உதறிக் கொடியில் போட்டேன்.

அவன் செருப்பைக் கழற்றி, போனை அதன்மேல் வைத்து, சட்டையை மடித்து மேலே வைத்தான். பொறுப்பான பிள்ளை. முட்டி ஆழத்தில்தான் நின்றான். குனிந்து முங்கினான். எழும்போது தடுமாறினான். அடுத்த அலை இடுப்பில் அடித்தது, உட்கார்ந்துவிட்டான். அலை திரும்பும்போது உட்கார்ந்தபடியே அதோடு போனான். தெளிவாக இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பான். நீந்தத் தெரியாதவன் இல்லை, எங்கள் குப்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அவன் ஒரு கையைத் தூக்கியதை நான் பார்த்தேன். கூப்பிடுகிறானா, விளையாடுகிறானா என்று ஒரு கணம் யோசித்தேன் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காக என்னை நானே அடித்துக்கொள்ளலாம்.

படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த நைனா கத்திக்கொண்டே ஓடினார். கூட நான்கு பேர் ஓடினார்கள். வெளியே கொண்டுவந்து போட்டபோது அவன் உதடு நீலமாக இருந்தது, வாயிலிருந்து மணலும் தண்ணீரும் வந்தது. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க நைனா அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலும் பிராந்தி நாற்றம் இருந்தது.

மூன்றாம் நாள் கண் விழித்தான். ஏன் தண்ணீரில் இறங்கினாய் என்று டாக்டர் கேட்டார். "தெளியறதுக்கு சார்" என்றான். பரீட்சையில் நான் முதலில் தட்டிய பதிலும் அதுதான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா மூன்று நாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்ததும் கரையில் கடல் தெய்வம் கன்னியம்மாளுக்குப் பொங்கல் வைத்தாள். கடல் எடுத்துக்கொண்டு போனது அவள் கணக்கிலேயே இல்லை, திருப்பிக் கொடுத்ததுதான் பெரிதாக இருந்தது. அன்று நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பரீட்சையை எழுதியது நான்தான், அதில் என்ன போட்டிருந்தது, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். இந்த விதியை எடுத்துவிடு என்று கெஞ்சினேன்.

"நீ எழுதினா இன்னா, அவன் எழுதினா இன்னா? கடலு இன்னாடி பண்ணுச்சி? திருப்பிக் குடுத்துச்சே. குடிச்சிட்டு ரோட்ல வுயுந்திருந்தா ரோடு குடுக்குமா?" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். விதியில் ஒரு திருத்தம் செய்தாள். இனிமேல் அவன் தனியாக முங்க வேண்டாம், நைனாவோடு போய் முங்கட்டும். குடித்தவனுக்குத் துணை குடித்தவர்.

அம்மாவிடம் நடக்காததால் தம்பியைப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, பயிற்சியைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். இந்த முறை சாதாரண வேகம். ஐந்து வீடியோவையும் பார்த்தான். நடுவில் இரண்டு தடவை கொட்டாவி விட்டான். ஆறாவது கேள்வி வந்தது. நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். அவன் விரல் யோசிக்கவே இல்லை. குளிர்ந்த நீரில் குளிப்பது.

திரை சிவந்தது. அவன் சிரித்தான். "இது இன்னாக்கா, தப்புன்னுது? ஆஸ்பத்திரில கண்ணு முயிச்சப்ப நான் சுத்தமா தெளிஞ்சிதான இருந்தேன்?"

மூன்று நாள் ஆகியிருந்ததடா, தெளிய வைத்தது அந்த மூன்று நாள்தான் என்று கத்தினேன். சரி சரி என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனான். சுவரில் சான்றிதழ் அப்படியே தொங்குகிறது. கல்லூரிப் பதிவிலும் அவன் பெயர் பச்சைதான். அதை எப்படிச் சிவப்பாக்குவது என்று எனக்குத் தெரியாது, அதற்குப் பொத்தானே கிடையாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தலை சீவிக்கொண்டு வந்து பைக் சாவியை என் கையில் வைத்தான். போகாதே என்றேன். "வண்டிதான் எடுக்கலயேக்கா, அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நைனாவும் காலையிலேயே கிளம்பிவிட்டார். நான் கொடியில் இருந்த துண்டுகளை எல்லாம் உருவி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் உறைத்தது, முங்குவதற்குத் துண்டு எதற்கு, அம்மாவின் குரல் போதுமே. பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரமாக மணலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடல் இன்றும் கலங்கித்தான் இருக்கிறது. மணி பதினொன்று ஆகிறது, அவன் மூன்று மணிக்குத்தான் வருவான்.