ஓரிரு இடங்களில் மூடுபனி

குனிந்து ஒரு கொப்பரையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள் குழந்தையம்மாள். கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பார்த்த பிறகு, "இன்னும் ரெண்டு வெயிலு" என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். யாரிடம் சொன்னாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கோபம் வரும். கேட்காவிட்டாலும் வரும்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள என் கொப்பரைக் களத்தில் பதினாலு வருசமாக ஆட்களுக்கு அவள்தான் தலைமை. உடைத்த தேங்காயை வெயிலில் பரப்புவது, புரட்டுவது, சாயங்காலம் பனி இறங்குமுன் குவித்துப் படுதா போட்டு மூடுவது, எல்லாம் அவள் சொன்னபடி. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. களத்துக்குள் செருப்போடு யார் வந்தாலும் ஏச்சுத்தான். எண்ணெய் மில்லிலிருந்து சரக்குப் பார்க்க வந்த ஆபீசரையே ஷூவைக் கழற்ற வைத்தவள். "திங்கற பொருளுங்க. மிதிச்சுப்போட்டுப் போவாதீங்க."

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கூலிக்குத் தேங்காய் உரித்த கை இது. இன்றைக்கு மூன்று களம், சொந்த லாரி. யார் தயவிலும் வந்ததில்லை. பொள்ளாச்சி மார்க்கெட்டில் நான் வாயைத் திறந்தால் எதிர்ப்பேச்சுக் கிடையாது. இந்த ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு முதல் எதிரி ரேடியோ. எடை போடும் வெங்கடபதியின் அறையில், மேசைமேல் இருக்கிறது. மத்தியானச் செய்தி முடிந்து வானிலை தொடங்கினால், களத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வந்து வாசலில் நிற்பாள், சண்டைக்கு. காஷ்மீரில் பனி கொட்டியது என்றால், "அங்க கொட்டுனா அங்க இருக்கறவன் பாத்துக்குவான்" என்பாள். ஓரிரு இடங்களில் மூடுபனி என்றால் போச்சு. "அந்த ஓரிரு இடம் எதுன்னு சொல்றானா பாருங்க. ஊரு பேரச் சொன்னா மாட்டிக்குவானல்ல."

"அம்மணி, அவங்கெல்லாம் படிச்சவங்க. மெஷினு வெச்சுப் பாக்கறாங்க" என்பான் வெங்கடபதி.

"அந்த மெஷினக் கொண்டாந்து ஒரு நாளைக்குக் கொப்பரை பொரட்டச் சொல்லுங்க. அப்பறம் நான் நம்பறேன்."

தொண்ணூற்றாறாம் வருசம், கார்த்திகை மாசம். நீலகிரியில் உறைபனி, கோவை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அடர்ந்த மூடுபனி, குளிர் கூடும் என்றது ரேடியோ. களத்தில் மூன்று நாள் வெயில் கண்ட சரக்கு, ஒரு லாரி லோடு கிடக்கிறது. மூன்று மணிக்கே குவித்து மூடும்படி குழந்தையம்மாளிடம் சொன்னேன்.

"இப்ப வேண்டாமுங்க. சரக்கு சுடுதுங்க. ஆறட்டும், அஞ்சரைக்கு மூடிக்கலாம்."

"பனி உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"பனி மேல இருந்து வாரதுங்க. நீங்க அடியில இருந்து வர வெக்கறீங்க. கொதிக்கற சோத்த மூடி வெச்சா மூடியில தண்ணி கோக்குமா, கோக்காதா? ஊட்டுல கேட்டுப்போட்டு வாங்க."

லோடுமேன்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றேன். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. மற்றவர்களை விரட்டி, பக்கத்தில் நின்று மூட வைத்தேன், சுற்றிலும் கல் வைத்து இறுக்கமாக.

ரேடியோ சொன்னது பொய்யில்லை. மறுநாள் காலையில் நீட்டிய கை எனக்கே தெரியாத மூடுபனி. ஆனால் படுதாவுக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. எடுத்த கொப்பரை பிசுபிசுத்தது, புளிச்ச வாடை. அன்றைக்கே பிரித்து, துடைத்து, பரப்பாவிட்டால் பூஞ்சை பிடித்து மொத்தச் சரக்கும் போகும். அதைச் செய்யத் தெரிந்த பெண்கள் பதினெட்டுப் பேரும் கேட்டுக்கு வெளியே குளிரில் முக்காடு போட்டு நிற்கிறார்கள்.

"அக்கா வந்தா வாரமுங்க" என்றாள் அவர்களில் மூத்தவளான ராசாத்தாள். மிரட்டிப் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை.

மொபெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு குழந்தையம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் குந்திக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் டம்ளரை இறக்கவில்லை.

"ஏறு, போகலாம்."

"வர வேண்டாம்னது ஆருங்க?"

"நான்தான்."

"இப்ப வரச் சொல்றது?"

"அதுவும் நான்தான். சரக்கு அழியுது."

"அழியும்னு சொன்னது ஆருங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆயுசில் யாருக்கும் நான் கொடுக்காத பதிலை அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. "நீதான்."

"செரி. நீங்க வண்டியில போங்க. நான் நடந்தே வாரனுங்க."

ஒன்றரை மைல். நம்பி முன்னால் போக முடியுமா? பாதியில் திரும்பிவிட்டால்? வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். பனிக்குள் எதிரே வந்த பால்காரன், "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்றும் கேட்கவில்லை.

கேட்டுக்குள் அவள் கால் வைத்ததும் பதினெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். கற்களைக் காலாலேயே தள்ளினாள். படுதாவின் விளிம்பைத் தூக்கினாள். அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர், முத்து முத்தாகத் தொங்குகிறது. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. நான் நிற்கும் இடத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தாள். பிறகு விளிம்பை இரண்டு கையிலும் வாரிப் பிடித்து, என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஒரே உதறாக உதறினாள்.