பேத்தமங்களாவில் விட்ட புண்ணியம்

புண்ணியம் என்று சொல்லிக்கொண்டு செய்கிற காரியங்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. பாவம் செய்கிறவர் கொஞ்சமாவது அக்கம்பக்கம் பார்த்துச் செய்வார். புண்ணியம் செய்கிறவர் எதையும் பார்ப்பதில்லை. கற்பூரம் ஏற்றுவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், காரில் ஏறிப் போய்விடுவார். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கடவுள் பாடு.

நான் ஆற்றை ஆராய்கிறவள். ஆறு கரை தாண்டிப் பரவி, பிறகு வடிகிற நிலத்தில் எந்தச் செடி, எந்த மீன் வாழ்கிறது, வெளியிலிருந்து வந்த எது அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது என் வேலை. வீடு மைசூர் மைன்ஸில், அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. வேலை பேத்தமங்களாவில். சுரங்கம் மூடியபின் பிழைப்புக்காகத் தெருவே விடியற்காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும்போது நான் மட்டும் ரப்பர் பூட்ஸும் வலையுமாக ஸ்கூட்டரில் எதிர்த்திசையில் போவேன். "அம்மாம் படிச்சிட்டு மீன் புடிக்கப் போவுது பாரு" என்று காதுபடவே சொல்வார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

பாலாறு என்றால் வெறும் மணல் என்று நினைக்கிறவர்கள் நல்ல மழைக்குப் பிறகு பேத்தமங்களா ஏரியின் தலைப்பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஏரி நிறைந்ததும் தண்ணீர் பின்னால் ஏறி, கோரையும் புல்லுமாகக் கிடக்கிற தாழ்ந்த நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பரவும். வடியும்போது அங்கங்கே மடுக்களில் தங்கி நிற்கும். விரால் குஞ்சு வளர்வது அந்த மடுக்களில்தான். பொரிந்த புதிதில் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கொத்தாக மேலே திரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். கோடை வரை மடுவில் தண்ணீர் நின்றால் குஞ்சு பிழைக்கும். முன்னாலேயே வற்றினால் கொக்குக்குத் தீனி. என் ஆராய்ச்சியின் சாரம் இவ்வளவுதான். இதை எழுத எனக்குப் பல வருடங்கள் ஆகியிருக்கின்றன.

இதையே ஒரு வரியில் சொல்லிவிடுகிற ஓர் அக்கா அங்கே உண்டு. கரையோரத்தில் குடியிருந்து, புருஷனோடு மீன் பிடித்துப் பிழைக்கிறவர். "மடு நின்னா எங்க அடுப்பு எரியும் மா" என்பார். இருப்பதிலேயே பெரிய மடுவை எனக்குக் காட்டியவர் அவர்தான். குஞ்சு பெரிதாகிறவரை அதில் வலை வீசக் கூடாது என்பது அவர் வீட்டுக் கட்டுப்பாடு. அக்கம்பக்கத்தாரையும் வீச விடமாட்டார். சாப்பாட்டுக்கு இல்லாத நாளிலும் அவர் அந்தத் தண்ணீரில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த மடு போன வருடம் தை மாதத்திலேயே வற்ற ஆரம்பித்தது.

மழைக்குக் குறைவில்லாத வருடம் அது. தண்ணீர் எங்கே போகிறது என்று கரையைச் சுற்றி வந்தேன். என் கை தோள் வரை போகிற அளவுக்குப் பொந்துகள். எலி என்றார் அக்காவின் புருஷன். நண்டு என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி. இரண்டும் இல்லை என்று அடுத்த நாள் ஏரியில் போட்ட வலை சொன்னது. வலையைக் கிழித்துக்கொண்டு ஒரு முழ நீளத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள், அடிப்பக்கமாக உறிஞ்சுகிற வாய். கடைகளில் கண்ணாடித் தொட்டியை நக்கிக்கொண்டு ஒட்டியிருக்குமே, டேங்க் கிளீனர் என்று, அந்த மீன். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. தொட்டியில் விரல் நீளத்தில் வாங்குவார்கள், இடம் கிடைத்தால் இப்படி வளரும். கரையைக் குடைந்து, பொந்துக்குள் முட்டையிடும். அந்தப் பொந்துகள் வழியாகத்தான் மடுவின் தண்ணீர் ஏரிக்கே கசிந்து போய்க்கொண்டிருந்தது.

அக்கா அதைக் காலால் புரட்டினார். "இன்னா எழவு மீனு மா இது? கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. வலையக் கிழிக்கறதுக்குன்னே பொறந்துகீது."

மீன்வளத்துறை அலுவலகத்துக்கு எழுதினேன், படத்தோடு. பதில் வராமல் போகவே தொலைபேசியில் பிடித்தேன். எடுத்தவர் கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார்: "மீனு ஜாஸ்தி ஆதரெ ஒள்ளேதே அல்வா மேடம்?" மீன் அதிகமானால் நல்லதுதானே என்கிறார். எது மீன், எதற்கு மீன், யாருக்கு மீன் என்று எதுவும் கிடையாது. தலையை எண்ணினால் போதும். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஆள் இல்லாததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

கோடை வரும் முன்பே மடு சேறாகிவிட்டது. குஞ்சுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. அக்காவின் புருஷன் கட்டட வேலைக்குப் பங்காருப்பேட்டைப் பக்கம் போய்விட்டார். இந்த மீன் ஏரிக்கு எப்படி வருகிறது என்று நான் அக்காவிடம் கேட்டபோது, "அமாவாசைக்கு காலைல வந்து பாரு மா, உனக்கே தெரியும்" என்றார்.

அமாவாசையன்று நானும் அக்காவும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறுவதற்குள் ஒரு கார் வந்தது. எங்கள் ஊர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். என் வீட்டுக் குக்கரே அவர் கடையில் வாங்கியதுதான். கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அந்த அம்மா கரையில் கற்பூரம் ஏற்றினார். வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். டேங்க் கிளீனர்தான், என் முழங்கை நீளம்.

"அண்ணா, நில்லுங்க. அத ஏரியில விடாதீங்க."

"ஏன் மேடம்? வாஸ்துக்காக வெச்ச மீனு. கடைலயே வளந்துச்சு. இப்ப தொட்டி பத்தல. கடைல மீனு செத்தா தரித்திரம் மேடம். அதான் உயிரோட கொண்டாந்து வுட்டுர்றோம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மாதக்கணக்கில் சமையலறைச் சுவரிடம் சொன்னதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். மடு வற்றியதைச் சொன்னேன். குஞ்சு செத்ததைச் சொன்னேன். கிழிந்த வலையைச் சொன்னேன். "உங்க கடைக்கு வர வேண்டிய தரித்திரத்தை வாளியில ஊத்திக் கொண்டாந்து இந்த அக்கா வீட்டுல கொட்டிட்டுப் போறீங்க. இதுக்கு மஞ்சள் குங்குமம் வேற! படிச்சவங்கதானே நீங்க? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்தார். முகத்தில் குழப்பம் தவிர வேறொன்றும் இல்லை.

"கோச்சிக்காதீங்க மேடம். கேட்டுட்டுத்தானே செய்யறோம். உங்களத்தான் கேட்டோம்."

"என்னையா?"

"வியாபாரிங்க சங்கத்துல சுற்றுச்சூழல் தினம் கொண்டாடினப்ப நீங்க பேச வந்தீங்கோ இல்ல? அப்ப பெங்களூர்ல படிச்சிகினு இருந்தீங்க. தொட்டி மீனு பெரிசாயிட்டா இன்னா பண்றதுன்னு நான்தான் எழுந்து கேட்டேன். கொல்லாதீங்க, சாக்கடைல போடாதீங்க, பேத்தமங்களா ஏரில வுட்டுடுங்க, அது பொழச்சிக்கும்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

"பச்ச சுடிதார் போட்டுகினு வந்தீங்க" என்றார் அவர் மனைவி.

பேச்சு எனக்கு நினைவில் இல்லை. பச்சைச் சுடிதார் நினைவில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கல்யாண மண்டபம் வந்தது, மைக் வந்தது, முன்வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் அந்தக் கைத்தட்டலும் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதுகூட ஞாபகம் வந்துவிட்டது.

"அதுலேர்ந்து பஜார்ல யாரு வூட்டு மீனு பெரிசானாலும் இங்கதான் மேடம்" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறவரைப் போலத் தொடர்ந்தார். "எத்தனியோ பேருக்கு நானே சொல்லிகிறேன். மைசூர் மைன்ஸ் பொண்ணு, படிச்ச பொண்ணு, அதுவே சொல்லிச்சுன்னு."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். அப்போது நான் மாணவி, அந்த மீனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

எங்கள் லைனில் வளர்ந்த யாருக்கும் டோக்கன் கதை தெரியும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் முன் ஆளுக்கொரு டோக்கன். மேலே வந்ததும் அதைப் பலகையில் அதனதன் ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஷிஃப்ட் முடிந்ததாகாது, கேட்டில் நிற்கிற பெண்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். இதைக் கேட்டே வளர்ந்த நான், ஓர் ஊரையே கூப்பிட்டு ஏரிக்குள் மீனை இறக்கிவிடச் சொல்லிவிட்டு, என்ன இறங்கியது என்று ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. கைத்தட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அந்த அலுவலகத்துக்காரர் தலையையாவது எண்ணினார்.

"வாளியக் குடுங்கண்ணா" என்றேன்.

"இன்னா பண்ணுவீங்க?"

"கொல்லுவேன்."

அந்த அம்மா "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர் முகம் மாறியது அப்போதுதான். "வுடச் சொன்னதும் நீங்க, கொல்றதும் நீங்களா மேடம்?"

"ஆமாண்ணா. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

இருவரும் வாளியை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குப் போனார்கள். அணையாத கற்பூரம் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ மீனை அளந்து, எடை போட்டு, பாட்டிலில் அடைத்தவள் நான். அதையெல்லாம் மருந்து கொடுத்து மயக்கிச் செய்வோம். கையால் ஒரு மீனை நான் கொன்றதில்லை. என் பையிலிருந்து எடுத்த கத்தி அந்தத் தகட்டில் வழுக்கி என் கட்டைவிரலைக் கீறியது. அக்கா ஓர் உருட்டுக்கட்டையைக் கொண்டுவந்தார். அவரே அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கட்டையை என்னிடம் நீட்டினார்.

"தலைக்குப் பின்னால போடு. ஒரே போடு."

ஒரே போட்டில் முடியவில்லை. மூன்று முறை அடித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்த்தார், கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அன்று நான் சொன்னது தப்பு, இனிமேல் ஏரியில் விடாதீர்கள் என்றேன். அன்று கை தட்டியவர்கள் இன்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அப்ப ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு இன்னா சொல்வீங்க?" என்று ஒரு நகைக்கடை அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என் முதல் பேச்சை ஒரே மத்தியானத்தில் நம்பினவர்களுக்கு இரண்டாவதை நம்ப ஏன் இவ்வளவு யோசனை என்று எரிச்சலாக இருந்தது. முதலாவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அதில் யார் கையிலும் ரத்தம் இல்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் பாத்திரக் கடைக்காரர்தான். என்னைக் கேட்காமலே பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்: மீனை மேடம் வீட்டில் கொடுத்துவிட்டால் போதும், பாவத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்களாம். இப்போது அமாவாசை காலைகளில் என் வீட்டு வாசலில் வாளி வைத்துவிட்டுப் போகிறார்கள். மஞ்சள் குங்குமம் இன்னும் இருக்கிறது. வைத்ததும் சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களைப் போலத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும் போல் இருக்கும். அப்படிப் போகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான் என்பதால் வாளியை உள்ளே எடுத்து வைக்கிறேன்.

இந்த வருட மழைக்கு முன் நானும் அக்காவும் களிமண் குழைத்து அந்த மடுவின் பொந்துகளை அடைத்தோம். தண்ணீர் ஏறியிருக்கிறது. ஓர் ஓரத்தில் சிவப்பாக ஒரு கொத்துத் தெரிகிறது. ஏரிக்குள் எத்தனை டேங்க் கிளீனர் இருக்கிறது என்று அக்கா கேட்டார். தெரியாது என்றேன். மடு நிற்குமா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றேன்.

அந்த அமாவாசையைப் பற்றி அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, திட்டியதும் இல்லை. அந்த மீனுக்கு மட்டும் அவர் வாயில் ஒரு பெயர் வந்துவிட்டது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்வதில்லை, அடையாளத்துக்குத்தான் சொல்கிறார். இன்று காலையும் போன் செய்தார்.

"மா, உன் மீனு ரெண்டு வலைல மாட்டிகினு கீது. வந்து எடுத்துகினு போ."