இந்தக் கல்லைத் தோண்டியது யார்?

வைரக் கவுண்டரில் நிற்பவனுக்குக் கல்லைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். திருநெல்வேலி டவுணில் ஒரு நகைக்கடையில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கும் இதில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும்.

சூரத்துக் கல்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நர்ஸம்மா, மகள் கல்யாணத்துக்கு மோதிரம் பார்க்க வந்தார். ஆப்பிரிக்காவில் வைரச் சுரங்கம் இருக்கும் ஊர் ஒன்றில், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். சுரங்கத்துக்காக நடந்த சண்டையில் கை போன பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். மோதிரம் பிடித்துவிட்டது. விரலில் போட்டுப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கல் எங்கேயிருந்து வருது?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "ஒரிஜினல் சூரத் மேடம்" என்றேன். அவர் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"சூரத்துல பட்டை தீட்டுதாங்க தம்பி. தோண்டுனது யாரு?"

முதலாளி போட்ட போன்

அவர் வெறுங்கையோடு படியிறங்கியதை முதலாளி பார்த்துவிட்டார். என் வேலைக்கு வேட்டு என்றே நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் கல்லோடு வரும் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். எடை, நிறம், சுத்தம் எல்லாம் இருந்தது. எந்தச் சுரங்கம் என்று ஒரு வரி இல்லை. அங்கேயே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். இப்படி யாருமே கேட்டதில்லை என்று அந்த ஆள் சிரித்தாராம். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில், சுரங்கத்தின் பெயர் எழுதிய காகிதத்தோடு கொஞ்சம் கற்கள் வந்தன. பழைய கற்களைத் தனித் தட்டில் வைக்கச் சொன்னார். அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல என்றேன்.

"தெரியாதுன்னு சொல்லும் வே. தெரியாததுக்கு வேற என்னத்தச் சொல்லுவீரு?"

பெரிய கல், சின்னக் கல்

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த காயல்பட்டினத்து இளைஞர் ஒருவர், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு மோதிரம் வாங்கத் தங்கையோடு வந்தார். அவர் கை நேராகப் பழைய தட்டின் பெரிய கல்லுக்குப் போனது. எந்த ஊர்க் கல் என்று கேட்டார். அந்த மாதம் வியாபாரம் படுத்துக் கிடந்தது. 'சூரத்' என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது சார். இந்தச் சின்னக் கல்லுக்குத்தான் சுரங்கம் வரைக்கும் தெரியும்" என்றேன். அவர் முகம் சுருங்கி எழுந்தார். தங்கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"தெரியாதுன்னு சொல்லுத ஆளுக்கிட்டதான் காக்கா நம்பி வாங்கணும். சின்னதையே எடுங்க."

ஏரல் மூக்குத்தி

ஏரலில் வாழை போட்டிருக்கும் கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு வெகுநாள் ஆசை, வைர மூக்குத்தி. கொண்டுவந்த பணத்துக்கு மெஷினில் வளர்த்த கல்தான் கிடைக்கும். அதுவும் வைரம்தான், ஆனால் திருப்பி விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது என்பதை முதலிலேயே சொன்னேன். கணவர் முகம் வாடிப்போனது. அந்த அம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப இதுக்காக யாரும் குழிக்குள்ள இறங்கலைல்லா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கணவர் மறுபடியும் விற்கிற பேச்சை எடுத்தார்.

"நான் என்ன விக்கதுக்கா மூக்கு குத்திருக்கேன்? போட்டுவிடுங்க அண்ணாச்சி."

விற்பனைக்காரன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வருவது வைரத்தைவிட அபூர்வம்தான் என்றாலும், எங்கள் கடையில் செய்கூலியும் சேதாரமும் இல்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.