பத்தமடை டிரெய்லரும் எங்கள் லிங்கமும்

நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குக் கம்பிக் கதவு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பலசரக்குக் கடைக்கு எனக்குப் போன் வந்தது. லிங்கத்தின் மகள் பேசினாள். “மாமா, அப்பா போயிட்டாவ” என்றாள். “எங்க போயிட்டாரு?” என்று கேட்டுவிட்டேன். அவள் அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. காலையில் பட்டறையைத் திறந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. அளவு நாடாவை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நம் தச்சநல்லூர்ப் பட்டறைக்காரர்களில் சங்கரலிங்கத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவரும் நானும் பதினோரு வருஷம் கூட்டாகப் பட்டறை நடத்தினோம். சண்டை போடுவது முத்தையா, சமாதானம் பேசுவது லிங்கம் என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். பொய்யில்லை. நான் கத்தும்போதெல்லாம், “பைய வே, பைய. இரும்பு எங்கயும் ஓடிப்போவாது” என்பார். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை என்பதற்கும் கோபம்தான் வருகிறது.

ஏழு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய மிக் வெல்டிங் மிஷின் ஒன்றை வாங்கினோம். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது குச்சி வெல்டிங்தான். இதில் கையில் பிடிக்கும் டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடிவரும். உருகும் இரும்பில் வெளிக்காற்று படாமல் இருக்க, கம்பியைச் சுற்றிக் கரியமில வாயு வரும். லாரியில் ஊர் வரும்வரை லிங்கம் பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்து மிஷினைப் பிடித்துக்கொண்டே வந்தார். “என்ன வே, புதுப்பொண்ணா கூட்டியாறீரு?” என்று கேட்டேன். “பொண்ணுன்னா தானே நடந்து வந்துரும். இது வராதுல்லா” என்றார்.

அடுத்த ஆனி மாதம் மிஷின் மக்கர் செய்தது. வைத்த வெல்டெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. சிலிண்டரில் சரக்கு சரியில்லை என்று முடிவு கட்டிய நான், கேஸ் கடைக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வேறு சிலிண்டரோடு வந்தேன். அதிலும் ஓட்டை. வாயு போதவில்லை என்று நினைத்து ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தேன். இன்னும் மோசமாகப் போனது. லிங்கம் வந்து அதைக் குறைத்து வைத்தார்.

“குழாத் தண்ணியா இது, தெறந்துவிட? கூடிப்போச்சுன்னா சுழட்டி அடிச்சு வெளிக்காத்தயும் சேத்து இழுத்துட்டு வந்துரும். மொதல்ல நம்ம கையப் பாப்போம் வே. பொறவு அடுத்தவன் சட்டையப் பிடிக்கலாம்.”

சாரல் காற்று ஜில்லென்று வருகிறதே என்று மேற்குப் பக்கத் தகரக் கதவை நாங்கள்தான் திறந்து போட்டிருந்தோம். வருகிற வாயுவை அந்தக் காற்றே கலைத்துவிடும் என்று சொல்லி அவர் அதைச் சாத்தினார். வேர்த்து ஊற்றியது. ஓட்டை குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது. டியூப் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், ஒரு நுரைக்குமிழிகூட வரவில்லை. டார்ச் வாயில் ஒட்டியிருந்த இரும்புத் துணுக்குகளைச் சுரண்டி எடுத்தார். கடைசியில் சிலிண்டரைத் திறந்து, கம்பி ஓடாமல் தளர்த்திவிட்டு, டார்ச் வாயில் ஒரு பாலிதீன் பையைக் கட்டி விசையை அழுத்தினார். சிலிண்டர் பக்கம் அளவு சரியாகக் காட்டியது. பையோ பாதிகூட உப்பவில்லை.

“அங்கன பொறப்படுது, இங்கன வந்து சேரல. நடுவுல எவனோ குடிக்கான்” என்றவர், மிஷினின் பக்க மூடியைக் கழற்றி, டார்ச் உள்ளே வந்து பொருந்தும் இடத்தை உருவினார். அங்கே ஒரு கறுப்பு வளையம் வெந்து, வெடித்துக் கிடந்தது.

அது நான் மாட்டியது. டார்ச்சைக் கழற்றி மாட்டும்போது உள்ளே இருந்த ரப்பர் வளையம் அறுந்துபோயிற்று. புதிது மதுரையிலிருந்து வர வேண்டும். அதுவரை தாங்கும் என்று சைக்கிள் டியூபில் ஒன்று வெட்டி மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“எத்தன நாளாச்சு வே இத மாட்டி?” என்று லிங்கம் கேட்டார்.

“இருபது நாள் இருக்கும்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நாளைக்கு முன்புதான் பத்தமடை ஆதிமூலம் அண்ணாச்சிக்கு ஒரு டிரெய்லர் செய்து அனுப்பியிருந்தோம். டிராக்டரோடு அதை இணைக்கும் முன்சட்டத்துக்கு இந்த மிஷினில்தான் வெல்டு வைத்தது. கார் நெல் நடவு நேரம். நாற்றுக்கட்டோடு பத்து இருபது பெண்கள் அதில் நின்றுகொண்டு கால்வாய்க் கரையில் போய் வருவார்கள்.

“அது நல்லாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்லா” என்றேன்.

நான் பார்த்தது ஓட்டையை. அனுப்ப வேண்டிய நாள் அது. மேலே இன்னொரு தடவை வெல்டு ஓட்டி, வழவழவென்று தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டேன். லிங்கத்திடம் சொல்லவில்லை.

போய்ச் சொல்ல வேண்டும் என்றார் அவர். சொன்னால் நம் பேர் கெட்டுவிடும், இனி ஒருவன் பட்டறைப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டான் என்று நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். “பேரு போனா பொறவு சம்பாதிச்சுக்கலாம் வே. அதுல பொம்பளையாளுவ ஏறிப் போறாவ” என்று சொல்லிவிட்டு அவர் தனியாக பஸ் ஏறினார். சாயங்காலம் டிரெய்லர் காலியாக வந்து சேர்ந்தது. டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வழி முழுக்க அந்தச் சட்டத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்ததில், மனிதருக்கு மறுநாள் கழுத்து அசையவில்லை.

வெல்டை அறுத்துப் பார்த்தோம். உள்ளே அவ்வளவும் ஓட்டை. ஒரு ஓரத்தில் விரிசலும் விழுந்திருந்தது. லிங்கம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “புது வளையம் மதுரைலேருந்து வரட்டும். இத குச்சியிலயே வச்சிருவோம்” என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. நான் மூடி மறைத்தது அவருக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

துஷ்டி கேட்க லிங்கம் வீட்டுக்கு ஆதிமூலம் அண்ணாச்சி வந்திருந்தார். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அன்னைக்கு வந்து பெயிண்ட சுரண்டிப் பாத்தாரு. பொறவு என் கையப் பிடிச்சிக்கிட்டு, ‘இது நான் வச்ச வெல்டு அண்ணாச்சி. ஓட்டையப் பாத்துட்டும் தேச்சிப் பூசி அனுப்பிட்டேன், மன்னிச்சிருங்க. முத்தையாவுக்கு இது தெரியாது, அவருகிட்ட சொல்லிராதீய’ன்னாரு. தப்பு செஞ்ச மனுசனே தேடி வந்து சொல்லுதாரேன்னுதான், பொறவும் உங்க பட்டறைய விட்டு நான் எங்கயும் போவல.”

லிங்கம் பத்தடி தள்ளி மாலையோடு கிடந்தார். வாய்ச் சண்டைக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிய நான், தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதிமூலம் அண்ணாச்சி, அந்த வெல்டை வைத்தது நான். ஓட்டையைப் பார்த்ததும் நான், தேய்த்துப் பூசியதும் நான். லிங்கம் அதை ஆறு வருஷம் தன் பேரில் வைத்திருந்தார். அவருடைய நினைவாக என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் மகள் கேட்டாள். இந்தப் பழியைத்தான் அம்மா, வேறொன்றும் வேண்டாம். இது என்னுடையது.